ரோஸ் மாதிரி ஒருத்தி

தூத்துக்குடி, டூவிபுரம்
3 ஜூன் 2024

ரேச்சல் அக்காவுக்கு,

நான் ஜெஸ்மி. போன பிப்ரவரியில் உங்க அத்தான் கிருபாநிதியைக் கட்டிக்கிட்டு, உங்க அக்கா ரோஸ் இருந்த வீட்டுக்கு வந்தவள். கல்யாணத்துக்கு நீங்க வரலை. அதுக்கப்புறம் நாலைஞ்சு தடவை போன் பண்ணினேன், எடுக்கலை. இப்போ என் நம்பர்ல இருந்து உங்களுக்கு மணியே அடிக்கிறது இல்லைன்னு நினைக்கிறேன். தபாலை யாரும் தடுக்க முடியாதே, அதான் எழுதுறேன். ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிச்சிருக்கணும். பதட்டத்துல விட்டுட்டேன், இங்கே சொல்லிக்கிறேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியணும். ரோஸ் இந்த வீட்டை எப்படி நடத்தினாங்க?

சாத்தான்குளத்துல ஜவுளிக்கடையில ஏழு வருஷம் பில் போட்டவள் நான். கணக்குத் தெரியாதவள் இல்லை. ஆனா அவர் முதல் தேதி எண்ணித் தர்ற பணம் எனக்கு மூணாவது வாரத்தைத் தாண்ட மாட்டேங்குது. "ஏளா, அரிசி தீந்துட்டா? அதுக்குள்ளயா? ரோஸ் இருந்தப்போ மாசக் கடைசியிலயும் டப்பால அரிசி கெடக்குமே" என்கிறார். ரோஸ் இறந்து நான் வர்ற வரைக்கும் அவரும் உங்க அக்கா மக பெனிட்டாவும் கடைச் சாப்பாடுதானாம், அதனால அவருக்குத் தெரிஞ்சது ரோஸ் கணக்கு மட்டும்தான். திட்டலை. அடிக்கிற ஆளும் இல்லை. அந்த டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, நடு அறையில மாட்டியிருக்கிற ரோஸ் போட்டோவை ஒரு தடவை பார்ப்பார், அவ்வளவுதான். அதுக்குப் பதிலா நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

மாதத் தீர்மானம் வேற. முதல் தேதி சாயங்கால ஜெபத்துல வீட்டுல எல்லாரும் அந்த மாசத்துக்கு ஒண்ணு சொல்லணுமாம். ரோஸ் ஆரம்பிச்ச பழக்கமாம். ஒரு மாசம் ஆட்டோ ஏறமாட்டேன், ஒரு மாசம் கடைப் பலகாரம் தொடமாட்டேன், ஒரு மாசம் புதுத்துணி வேண்டாம். சொன்னதை ஒரு தடவைகூட மீறினது இல்லையாம். அப்படி மிச்சம் பிடிச்சுத்தான் முத்தையாபுரத்துல மனை வாங்கினாங்களாம். இனி அதுல வீடு கட்டுற பொறுப்பு என் கையில.

நான் மே மாசம் "பேக்கரியில மக்ரூன் வாங்க மாட்டேன்"னு சொன்னேன். அவர் சிரிச்சார். "அத ரோஸ் என்னைக்குமே வாங்குனதில்ல" என்றார்.

உயிரோட இருக்கிறவளா இருந்தா எதிரே நின்னு ஒரு வார்த்தை கேட்டுருவேன். போட்டோகிட்ட என்ன கேட்க? அதான் உங்களைக் கேட்கிறேன்.

ஜெஸ்மி

—

நாசரேத்
14 ஜூன் 2024

ஜெஸ்மிக்கு,

கடிதம் வந்தது. என்னை அக்கா என்று அழைக்க ஒரு தங்கையை என் அம்மா பெறவில்லை. பள்ளியில் எல்லாரும் டீச்சர் என்பார்கள். நீயும் அப்படியே எழுதலாம்.

கேட்டதற்குப் பதில். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்லப்பாண்டி அண்ணாச்சியின் மளிகைக் கடையில்தான் ரோஸ் கணக்கு வைத்திருந்தாள். அங்கே மாதம் பத்து கிலோ அரிசிக்கு மேல் அவள் வாங்கியதில்லை. எண்ணெய் அரை லிட்டர். புளியும் வத்தலும் வாங்கியதே இல்லை என்று சொல்லலாம். வேண்டுமென்றால் அண்ணாச்சியின் பழைய பில்களைப் பார்த்துக்கொள்.

மற்றபடி, இதெல்லாம் சொல்லித் தந்து வருகிற விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை. என் அக்கா பிறவியிலேயே அப்படி. சாதம் வடித்த கஞ்சியைக்கூட வீணாக்கமாட்டாள். அவள் இருந்த இடத்துக்கு வருகிறோம் என்று தெரிந்துதானே வந்தாய்.

பெனிட்டாவுக்கு வாரம் ஒருமுறை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சளி பிடிக்கும். செய்கிறாயா?

ரேச்சல்

—

தூத்துக்குடி
8 ஆகஸ்ட் 2024

ரேச்சல் டீச்சருக்கு,

செய்கிறேன். சனிக்கிழமைதோறும். ஆனா எண்ணெய் அரை லிட்டர்னு எழுதிட்டீங்களே, தலைக்கு ஊத்துறதா, தாளிக்கிறதான்னு நீங்களே சொல்லுங்க.

ஜூலை மாசம் நீங்க எழுதினபடியே நடந்துக்கிட்டேன். பத்து கிலோ அரிசி, அரை லிட்டர் எண்ணெய். வறுவல், பொரியல் கிடையாது. விடியறதுக்குள்ள திரேஸ்புரத்துக்கு நடந்து போய், இருக்கிறதுலயே மலிவா சாளை மீன் வாங்கிட்டு நடந்தே வந்தேன். துணி கையில துவைச்சேன். புளியை ரெண்டாம் தடவையும் கரைச்சு ரசம் வச்சேன். பெனிட்டா ஒரு வாய் குடிச்சிட்டு, "சித்தி, இது ரசமா வெந்நியா?" என்று கேட்டாள். எட்டு வயசுப் பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது.

அரிசி பதினெட்டாம் தேதி தீர்ந்தது. மீதி நாளைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போன் போட்டு, மெதுவா அழுதேன், என் தம்பி அரிசி கொண்டுவந்து தந்தான். அவர்கிட்ட அதைச் சொல்லலை.

டீச்சர், உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். மூணு பேரு பத்து கிலோல எப்படி மாசம் முழுக்கச் சாப்பிட்டீங்க, இல்லை, சாப்பிட்டாங்க? அவங்க சோறு குறைச்சு சாப்பிடுவாங்களா? போட்டோல பார்த்தா நல்லா இருக்காங்க. கன்னம் என்னோடதைவிட உப்பலா இருக்கு. தினம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறது நான்தான், அதனால நல்லாத் தெரியும். அவங்க கட்டியிருக்கிற சேலைகூட தள்ளுபடியில எடுத்ததாம். அதையும் சொன்னார். செத்து ரெண்டு வருஷமானவங்க சேலை விலை எனக்கு எதுக்கு?

போன வாரம் நான் வச்ச கூட்டை ஒரு வாய் வச்சிட்டு "நல்லாருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்து முடியறதுக்குள்ள, "ரோஸ் இதுல தேங்காயே போடமாட்டா, ஆனா போட்ட மாதிரியே இருக்கும்" என்று சேர்த்துக்கிட்டார்.

அன்னைக்கு நான் சாப்பிடலை. அரிசி மிச்சம்.

ஜெஸ்மி

—

நாசரேத்
20 ஆகஸ்ட் 2024

ஜெஸ்மிக்கு,

பெனிட்டா உன்னைச் சித்தி என்று கூப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் என்னுடையது. அவள் பேசத் தொடங்கிய புதிதில், அம்மாவுக்கு அடுத்து அவள் வாயில் வந்த சொல் அது. நீ வரும்வரை மாதம் தவறாமல் அவளைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன். இப்போது அந்த வீட்டுக் கதவை இன்னொருத்தி திறப்பாள் என்பதால் வருவதில்லை. பிள்ளை வேறு எப்படியாவது உன்னைக் கூப்பிடட்டும். சித்தி வேண்டாம்.

பத்து கிலோவில் எப்படி என்கிறாய். உன்னால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அத்தானுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அரையாண்டு முடிந்ததும் பெனிட்டாவை இங்கே சேர்க்கலாம். நான் வேலை பார்க்கும் பள்ளி, என் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கு இங்கே குறைவு இல்லை. வெந்நீரை ரசம் என்று குடிக்க வேண்டியிருக்காது. உனக்கும் செலவு குறையும், உன் தீர்மானங்கள் நிறைவேறும்.

உனக்கு நல்லதுதான் சொல்கிறேன்.

ரேச்சல்

—

தூத்துக்குடி
5 அக்டோபர் 2024

ரேச்சல் டீச்சருக்கு,

ஒரு நல்ல செய்தி. உங்களுக்குத்தான் முதல்ல எழுதணும்னு தோணுச்சு.

செப்டம்பர் முதல் தேதி ஜெபத்துல, "ரோஸ் ஒரு மாசத்துல அதிகமா எவ்வளவு மிச்சம் பிடிச்சாங்களோ, அதுக்கு மேல பிடிப்பேன்"னு சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஜெபத்துக்கு நடுவுல! மாசக் கடைசியில பணத்தை எடுத்து மேஜையில வச்சேன். ரெண்டு தடவை எண்ணினார். "ஏளா, நெசமாவா?" என்றார். வீட்டுல குறை ஒண்ணும் கிடையாது. பெனிட்டாவுக்கு முட்டை, ஞாயிற்றுக்கிழமை மீன், எல்லாம் உண்டு. டப்பால அரிசி கிடக்கு.

அன்னைக்கு அவர் போட்டோவைப் பார்க்கலை. என்னைப் பார்த்தார்.

ஆபீஸ்ல சொல்லியிருக்கார், கோயில்ல சொல்லியிருக்கார். உங்களுக்குத்தான் தெரியுமே, கிளியரிங் ஆபீஸ்ல கப்பல் சரக்குக்குப் பேப்பர் எழுதுறவர், பேசாத மனுஷன். அவரே நிறுத்தி நிறுத்திச் சொல்றார். உபதேசியார் வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ரோஸைத் தூக்கிச் சாப்பிட்டுட்டியேம்மா" என்றாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஆனா டீச்சர், எவ்வளவு இனிப்பா இருந்துச்சு தெரியுமா?

இன்னொண்ணு. சித்தி என்கிற சொல்லைத் திருப்பித் தந்தாச்சு. போன திங்கட்கிழமையில இருந்து பெனிட்டா என்னை அம்மான்னு கூப்பிடுறா. நான் சொல்லித் தரலை. ஸ்கூல் வாசல்ல, மத்த பிள்ளைங்க முன்னால, "எங்கம்மா வந்துட்டாங்க"ன்னு ஓடி வந்தா.

அவளை நாசரேத்துக்கு அனுப்புற பேச்சை அவரே விட்டுட்டார். நீங்களும் விட்டுருங்க.

ஜெஸ்மி

—

நாசரேத்
11 அக்டோபர் 2024

நீ எழுதியது பொய்.

அம்மா என்று கூப்பிட்டதைச் சொல்லவில்லை. அது உண்மையாகத்தான் இருக்கும், பிள்ளைகள் சோறு போடும் கையோடு ஒட்டிக்கொள்வார்கள். அதை நீ எனக்கு எழுதிய விதத்தை நான் மறக்கமாட்டேன். பள்ளியில் வைத்துத்தான் பிரித்தேன். அடுத்த வகுப்பு எடுக்க முடியவில்லை.

நான் பொய் என்றது அந்தப் பணத்தை. அத்தான் தரும் பணத்தில், முட்டையும் மீனும் போட்டு, அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. யாராலும் முடியாது. அந்த வீட்டுக் கணக்கு எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்குத் தெரியாது. எங்கிருந்தோ வாங்கி வைத்துவிட்டு மிச்சம் என்று சொல்கிறாய். இது எத்தனை மாதம் ஓடும்?

இனி எனக்கு எழுதாதே.

—

தூத்துக்குடி
2 நவம்பர் 2024

ரேச்சல் டீச்சருக்கு,

எழுதாதேன்னீங்க. இதைப் படிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க.

ஆமா, பொய்தான். எங்க அம்மா போட்ட ரெண்டு வளையல்ல ஒண்ணை வித்தேன். அந்தக் காசைத்தான் மேஜையில வச்சேன். அக்டோபர்ல இன்னொண்ணையும் வித்தேன். ஒரு தடவை அவர் என்னைப் பார்த்துட்டார் இல்லையா, மறுபடியும் போட்டோவுக்குத் திரும்பிருவாரோன்னு பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில்ல இராப்போசனம். அவர் பக்கத்துல முழங்கால் போட்டு, அப்பத்துக்குக் கை நீட்டினேன். சேலைத் தலைப்பு நழுவி, வெறும் மணிக்கட்டு தெரிஞ்சுது. அவர் பார்த்துட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டுக் கேட்டார்.

"வளையல் எங்கட்டி?"

சொன்னேன்.

"ரோஸ் ஒரு பொட்டுத் தங்கம் வித்ததில்ல. அவ நடத்துன வீட்டுல திருட்டுக் கணக்கு நடக்குதா?"

திருட்டுக் கணக்காம். என் வளையலை வித்து அவர் கையில தந்தது திருட்டாம். பெனிட்டா கதவுக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தா. "பிள்ளைய நாசரேத்துல டீச்சர்கிட்ட விட்டுருதேன். அங்கனயாவது ஒழுங்கா வளரட்டும்" என்றார். அவ கேட்டுட்டா. அன்னைக்கு முழுக்க என் சேலையை விடலை.

உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். இருங்க, முடியலை.

உங்க கடிதத்துல ஒரு வரி என்னைத் தூங்க விடலை. "யாராலும் முடியாது." யாராலும் முடியாதுன்னா, ரோஸால மட்டும் எப்படி முடிஞ்சுது? நேத்து செல்லப்பாண்டி அண்ணாச்சி கடைக்குப் போய் நேராவே கேட்டேன். அவர் தராசைக் கீழ வச்சிட்டு என்னைப் பார்த்தார்.

"ரோஸா? அவ பத்து கிலோ வாங்குவா, சரிதான். மத்ததுக்கு நாசரேத்து பஸ்ஸுல சாக்கு வருமே. கண்டக்டர் இங்கன போட்டுட்டுப் போவான், நான்தான் எடுத்து வைப்பேன். அரிசி, நல்லெண்ணெய், புளி, வத்தல், கருப்பட்டி, எல்லாம் கெடக்கும். அவ தங்கச்சி டீச்சர் அனுப்புவா. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

கடை வாசல்லயே உட்கார்ந்துட்டேன். தண்ணி தந்தார்.

ஜூன்ல இருந்து எனக்குக் கிலோ கணக்கு எழுதிக்கிட்டிருக்கீங்க. ஒரு மனுஷி பட்டினி கிடக்கிறாள்னு எழுதியும் பேசாம இருந்தீங்க. அந்தச் சாக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வளையல் என் கையில இருந்திருக்கும். இல்லாத ஒருத்தியோட என்னை ஓட விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க.

பத்தாம் தேதி ஞாயிறு கோயில் முடிஞ்சு வந்ததும் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். அண்ணாச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன். அப்புறம் அந்தப் போட்டோவை அவர் எப்படிப் பார்க்கிறார்னு நானும் பார்க்கிறேன்.

ஜெஸ்மி

—

நாசரேத்
6 நவம்பர் 2024

ஜெஸ்மிக்கு,

ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நான் பொய் எழுதவில்லை. "வாங்கியதில்லை" என்றுதான் எழுதினேன். திருப்பிப் பார். இதைச் சொல்லவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

அவர்கள் கல்யாணமான புதிதில், அத்தான் தன் ஆபீஸில், "நான் தர்ற பணத்துல என் வீட்டுக்காரி மாசத்தை ஓட்டி மிச்சமும் பிடிச்சிருவா" என்று பெருமை பேசிவிட்டார். ரோஸ் அதைக் கேட்டுவிட்டாள். அந்த மாதம் அவளால் முடியவில்லை. அவரை ஏமாற்றவும் மனம் வரவில்லை. ஒரே ஒரு மாதம் கைகொடு என்று எனக்குப் போன் செய்தாள். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். அனுப்பினேன். அடுத்த மாதம் அவர் அவளை இன்னும் புகழ்ந்தார். அவள் எப்படி நிறுத்துவாள்? அவர் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் சாக்கு வரும்படி பார்த்துக்கொண்டாள். அவள் சாகும்வரை அனுப்பினேன்.

அக்காவுக்காகத்தான் அனுப்பினேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏனென்று தெரியவில்லை, நீ அந்த அடுப்பின் முன் நிற்கிறவள் என்பதால் இருக்கலாம். அங்கே அவர் தட்டில் விழும் சோறு என் சோறு என்பதில் எனக்கு ஓர் ஆனந்தம் இருந்தது. அங்கே விருந்துக்குப் போவேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "உங்கக்கா கை மந்திரக் கை" என்பார். ரோஸ் குனிந்துகொள்வாள். நான் சிரிப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது என் அக்காமேல் எரிச்சலாக வரும். என் சம்பளம், அவள் பெயர். நீ போட்டோவைப் பார்த்துப் படுவதை நான் அவள் உயிரோடு இருந்தபோதே பட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ரோஸ் போய் ஒரு வருஷம் ஆனதும் எங்கள் சபைப் போதகரான ஐயர் அத்தானிடம் என் பெயரைச் சொன்னார். பிள்ளைக்குச் சித்தி, வேறு யாரைத் தேட வேண்டும் என்று. நான் சம்மதித்திருந்தேன். அவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "ரேச்சல் நல்லவதான். ஆனா கையில காசு நிக்காது. இத்தனை வருஷமாச் சம்பளம் வாங்குதா, கையில ஒண்ணும் இல்ல. எனக்கு ரோஸ் மாதிரி ஒருத்தி வேணும்."

என் கையில் ஏன் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

பிறகு உன்னைப் பார்த்தார். பில் போடும் பெண், கணக்கில் கெட்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் முதல் கடிதத்தில் பணம் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை என்று படித்தபோது, கடவுள் மன்னிக்கட்டும், நான் இரண்டாம் முறையும் படித்தேன். நன்றாக இருந்தது.

சொல்லிவிடு. உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. ஒருவிதத்தில் நீ சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. சொன்னால், ஒரு வேளைச் சோற்றுக்காவது அவர் என்னை நினைப்பார்.

பெனிட்டா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல். அவள் அம்மாவைப் பற்றி அவள் அப்படிக் கேட்கக் கூடாது.

ரேச்சல்

—

தூத்துக்குடி
8 டிசம்பர் 2024

ரேச்சல் டீச்சருக்கு,

சொல்லலை.

நல்ல மனசுன்னு நினைச்சிராதீங்க. உங்க கடிதம் வர்ற வரைக்கும் சொல்லத்தான் இருந்தேன். வந்ததைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. சொன்னா அவர் அழுவார். ரோஸுக்காக அழுதுட்டு, உங்களுக்காக அழுவார். "பாவம், ரேச்சல்"னு அடுத்த பஸ்ல நாசரேத்துக்கு வருவார். உங்க வீட்டு வாசல்ல நிப்பார். போட்டோவோட ஒரு போட்டி போதும், உயிரோட இருக்கிறவங்களோட வேறயா?

அதனால ஞாயிற்றுக்கிழமை வேற சொன்னேன். பெனிட்டாவும் பக்கத்துலதான் இருந்தா.

"எனக்கு ரோஸ் மாதிரி வரலை. ஒத்துக்கிறேன். இன்னையில இருந்து ஒரு மாசம் நீங்க நடத்திக் காட்டுங்க. பிள்ளையை அனுப்புறதை அதுக்கப்புறம் பேசலாம்."

"நானா?"

"அவங்ககூடப் பத்து வருஷம் இருந்தவர் நீங்கதானே. உங்களுக்குத் தெரியாததா? எனக்குத் தர்ற அதே பணம். உங்க மாதத் தீர்மானமா இருக்கட்டும்."

அவருக்கு ரோஷம் வந்துட்டு. சாயங்காலமே பையை எடுத்துக்கிட்டு அண்ணாச்சி கடைக்குப் போனார். அவர் போறதுக்கு முன்னாடியே நான் போய், "அண்ணாச்சி, சாக்கு விஷயத்தை அவர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்று சொல்லிட்டு வந்திருந்தேன். "பொம்பளைங்க சங்கதியில நான் எதுக்கு?" என்று அவரும் ஒத்துக்கிட்டார்.

பத்து கிலோ அரிசி, அரை லிட்டர் எண்ணெய். ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி வாங்கிட்டு வந்தார், பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி. முதல் வாரம் என்னை அடுப்புப் பக்கமே விடலை. அளந்து அளந்து போட்டார். பெனிட்டாவுக்குச் சிரிப்பு தாங்கலை. ரெண்டாவது வாரம் அவள் ராத்திரி எழுந்து "பசிக்குப்பா"ன்னா. பன் வாங்கப் போனார். அதுக்கு அப்புறம் எண்ணெய் தீர்ந்தது. கேஸ் தீர்ந்தது. ஸ்கூல்ல எதுக்கோ பணம் கேட்டாங்க. மூணாவது வாரம் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, மூடாமலே நின்னார். போட்டோவைப் பார்ப்பார்னு காத்திருந்தேன். பார்க்கலை. என்கிட்ட வந்தார்.

"ஜெஸ்மி, நெதமும் இப்படித்தான் இருந்துச்சா ஒனக்கு?"

"ஆமா."

"அந்தச் சாளைக்கு நீ நடந்தா போன?"

"ஆமா."

திரும்பிப் போய் டப்பாவை மூடினார். அப்புறம், "ரோஸ் இத எப்படித்தான் செஞ்சாளோ. எனக்குப் புரியவே மாட்டேங்கு" என்றார்.

டீச்சர், நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "எனக்கும் தெரியலை" என்றேன்.

என்ன ஆச்சு தெரியுமா? இப்போ அவருக்கு ரோஸ் முன்னைவிடப் பெரிய ஆள். மனுஷியே இல்லை, தேவதூதி. அதுக்கு நான்தான் காரணம்! எரியுது எனக்கு. ஆனா கூடவே ஒண்ணு சொன்னார். "அவ வேற பொறவி. நம்மளால முடியாது."

நம்மளால. அவரும் நானும் ஒரு பக்கம். கல்யாணமாகி இத்தனை மாசத்துல அந்த வார்த்தை அவர் வாயில இருந்து நான் கேட்டது அன்னைக்குத்தான். ரோஸ் எவ்வளவு உயரத்துல வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும்.

டிசம்பர்ல இருந்து கூட்டித் தர்றார். மனையில வீடு மெதுவாக் கட்டலாம்னு சொல்லிட்டார். வளையலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, எனக்கும் கேட்க வாய் வரலை. பெனிட்டா இங்கேதான் இருப்பா.

ஆனா கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் லீவுக்கு அவளை உங்ககிட்ட அனுப்பலாம்னு இருக்கேன். அவள் கேட்கிறா. நாசரேத்துல உங்க வீட்டு ஊஞ்சலைப் பத்தியே பேசுறா. அனுப்ப எனக்கு இஷ்டம் இல்லை. அங்கே நல்லாச் சாப்பிட்டு, நல்லா விளையாடிட்டு, திரும்பி வர்றப்போ அவள் முகம் வாடியிருந்தா என்ன செய்வேன்னு இப்பவே பயமா இருக்கு. இருந்தாலும் அனுப்புறேன். உங்ககிட்ட இருந்து நான் வாங்கிக்கிட்டது போதும்னு தோணுது. அவர்கிட்ட உங்க பேர் போய்ச் சேராம நான்தானே மறிச்சேன்.

ஜெஸ்மி

—

நாசரேத்
31 டிசம்பர் 2024

ஜெஸ்மிக்கு,

இதைப் பெனிட்டா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் பையில் மேலாக வைத்திருக்கிறேன்.

நீ சொல்லவில்லை என்று படித்ததும் எனக்கு வந்தது நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று சாயங்காலம் வாசலில் பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அது நிம்மதி இல்லை என்று தெரிந்தது. உன்மேல் கோபப்பட முயன்றேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் மறித்திருப்பேன். இன்னும் முன்னதாகவே மறித்திருப்பேன்.

பிள்ளை வந்த அன்று கோழி அடித்தேன். மறுநாள் பாயசம். மூன்றாம் நாள், கடையில் நல்ல விளமீன் வந்திருந்தது. விலை பார்க்கவில்லை, வாங்கினேன். தேங்காய் அரைத்து, ரோஸுக்குப் பிடித்த மாதிரி குழம்பு வைத்தேன். ரோஸுக்கு அது உயிர். பெனிட்டா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு மீனை மட்டும் எடுத்துத் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாருக்கு சித்தி. எங்கம்மா வைக்கிற மாதிரி இல்ல."

எந்த அம்மா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "எங்கம்மாதான். சாளைல வைப்பாங்க. தேங்காயே போடமாட்டாங்க. புளியும் மாங்காயும் போட்டு, கடைசில சின்ன உள்ளிய நசுக்கிப் போடுவாங்க. வீடு பூரா மணக்கும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். விளமீன் சட்டி நிறைய இருந்தது. எனக்குப் பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மறைக்கவில்லை. ரோஸைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அவள் போனாள். உன்னைப் பார்த்துப் பட்டேன், நீ போகிற ஆள் இல்லை போலிருக்கிறது. இப்போது மலிவு மீனில் வைத்த ஒரு குழம்பைப் பார்த்துப் படுகிறேன்.

அடுத்த நாள் கடையில் சாளை வாங்கி, அவள் சொன்னபடி வைத்துப் பார்த்தேன். மாங்காய் அதிகமாகிவிட்டது. சின்ன வெங்காயத்தை எப்போது நசுக்கிப் போடுவது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் என் மனம் நோகாமல் முழுவதும் சாப்பிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் குழம்பை எப்படி வைக்கிறாய்? எழுதாதே. எழுதினால் ஒன்றை விட்டுவிட்டுத்தான் எழுதுவாய், நான் உனக்கு எழுதிய மாதிரி. பொங்கல் லீவில் வந்து, என் அடுப்பில், என் கண் முன்னால் வைத்துக் காட்டு.

ரேச்சல்